நாம், நாங்கள், நம்ம: கன்னடத்திலிருந்து தமிழுக்கு வரும் அன்றாட வழக்குகள்

பெங்களூரில் 2011 அக்டோபர் 20-ஆம் நாள் பையப்பனஹள்ளிக்கும் மகாத்மா காந்தி சாலைக்கும் இடையே மெட்ரோ தொடர்வண்டி ஓடத் தொடங்கியபோது அதற்கு 'நம்ம மெட்ரோ' என்று பெயரிட்டிருந்தனர். இப்பெயரைத் தமிழில் எவ்வாறு எழுதுவது? அப்படியே எழுதிவிடலாம், தமிழருக்கு விளங்கும். விளங்குகிறது என்பதில்தான் இடர்ப்பாடு தொடங்குகிறது. தமிழ்க் காதுக்கு 'நம்ம' என்பது பேசுவோரையும் கேட்போரையும் ஒருங்கே உளப்படுத்தும் சொல். 'நீயும் இதில் அடங்குவாய்' என்னும் குறிப்பு அதனுள் இருக்கிறது. கன்னடச் சொல்லில் அக்குறிப்பு இல்லை; இல்லை என்பதைவிட, இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம் என்பதே பொருந்தும். தன்மைப் பன்மையைத் தமிழ் 'நாம்' எனவும் 'நாங்கள்' எனவும் இரண்டாகப் பகுத்துக் காண்கிறது. தெலுங்கும் மலையாளமும் இப்பகுப்பைக் காத்துள்ளன. இன்றைய கன்னடமோ 'நாவு' என்னும் ஒரே சொல்லால் இரண்டையும் கூறும். அதன் உடைமை வடிவமே 'நம்ம'.

ஆதலால் 'நம்ம பெங்களூரு' என்று ஒரு கன்னடர் சொல்லும்போது, அருகில் நிற்கும் தமிழர் அதில் சேர்க்கப்பட்டாரா, விலக்கப்பட்டாரா என்பதை அச்சொல் சொல்லாது. குரலும் சூழலும்தான் சொல்லும். 1809-இல் ஆங்கிலேயப் படை சீரங்கப்பட்டினத்திலிருந்து பெங்களூருக்கு மாற்றப்பட்டு இராணுவக் குடியிருப்பு உருவான காலந்தொட்டு அந்நகரில் தமிழர் வாழ்ந்து வருகின்றனர். பழைய பேட்டையும் இராணுவக் குடியிருப்பும் 1949-இல்தான் ஒரே மாநகராட்சியாயின. இத்தகைய நகரில் 'நம்ம' என்னும் சொல்லில் யார் அடங்குவர் என்பது வெறும் இலக்கண வினா அன்று. எனினும் இக்கட்டுரை அரசியலைப் பேச எழுந்ததன்று. அன்றாடப் பழக்கவழக்கங்களும் அவற்றோடு பிணைந்த பேச்சு முறைகளும் கன்னடத்திலிருந்து தமிழுக்கு வரும்போது எங்கெங்கே திரிகின்றன என்பதையும், நம் மொழிபெயர்ப்புத் திறனாய்வு அதனைக் காணத் தவறுவது ஏன் என்பதையும் ஆராய்வதே இதன் நோக்கம்.

இங்கு முன்வைக்கப்படும் கருத்து ஒன்றே. தொலைவிலுள்ள மொழியிலிருந்து பெயர்ப்பவர் விழிப்போடு இருக்கிறார். அண்டை மொழியிலிருந்து பெயர்ப்பவர் சொல்லின் ஒற்றுமையை நம்பி விழிப்பை இழக்கிறார். கன்னட–தமிழ் மொழிபெயர்ப்புகளை மதிப்பிடும் நம் நூல் மதிப்புரைகளும் 'மூலத்தைப் படிப்பது போன்றே உள்ளது', 'ஆற்றொழுக்கான நடை' என்னும் பாராட்டுகளோடு அமைந்துவிடுகின்றன. மூலத்தைப் படிப்பது போன்று இருக்கிறதா என்பதை மூலத்தைப் படித்தவர்தான் சொல்ல இயலும் என்னும் எளிய உண்மை அங்கு மறக்கப்படுகிறது.

வீடும் வீட்டாரும்

'நம்ம மனெகெ பன்னி' என்று ஒருவர் கன்னடத்தில் அழைக்கிறார். இதனைத் தமிழில் பெயர்க்க இரு வழிகள் உண்டு: 'எங்கள் வீட்டுக்கு வாருங்கள்', 'நம் வீட்டுக்கு வாருங்கள்'. விருந்தினரை நோக்கி 'நம்ம வீட்டுக்கு ஒருநாள் வாங்க' என்று கூறுவது தமிழரிடையே தனிப்பட்ட ஓர் உபசாரம். இலக்கணப்படி அவ்வீடு கேட்பவருடையதன்று. ஆயினும் அவரையும் உரிமையாளராக்கிப் பேசுவதே அங்குப் பண்பாடு. 'எங்க வீட்டுக்கு வாங்க' என்பதில் குறையேதுமில்லை. ஆனால் வாயிலில் ஒரு படி கூடுதலாக உள்ளது. கன்னடர் சொன்னது இவ்விரண்டில் எது? அவர் எதையும் தேரவில்லை. தேர வேண்டிய கட்டாயம் அவர் மொழியில் இல்லை. தமிழில் பெயர்ப்பவருக்கு அக்கட்டாயம் உண்டு. 'நம்' என்றால் மூலத்தில் இல்லாத நெருக்கம் வந்து சேர்கிறது. 'எங்கள்' என்றால் மூலத்தில் இருந்திருக்கக்கூடிய நெருக்கம் வெட்டுண்டு போகிறது.

இச்சிக்கல் எத்துணை ஆழமானது என்பதற்கு விவேக் ஷான்பாக் எழுதிய 'காச்சர் கோச்சர்' என்னும் குறுநாவல் தக்க சான்றாகும். 2013-இல் கன்னடத்தில் வெளிவந்த இந்நூல் ஸ்ரீநாத் பெரூரின் ஆங்கில மொழிபெயர்ப்பின் வாயிலாக 2015-க்குப் பின் உலகெங்கும் அறியப்பட்டது, தமிழிலும் வந்துள்ளது. பெங்களூரில் எளிய நிலையில் வாழ்ந்த ஒரு குடும்பம் சிற்றப்பாவின் மசாலாத் தொழிலால் திடீரெனச் செல்வமடைகிறது. அக்குடும்பத்தின் கட்டுக்கோப்பும், அதனுள் மருமகளாக வந்து அடங்க மறுக்கும் அனிதாவும் கதையின் இரு முனைகள். தலைப்பாக அமைந்த தொடருக்கு எந்த அகராதியிலும் பொருள் இல்லை. அது அனிதாவின் பிறந்த வீட்டார் தமக்குள் ஆக்கிக்கொண்ட சொல். அவிழ்க்க இயலாதவாறு சிக்குண்டதைக் குறிப்பது. கணவன் அதனை மனைவியிடமிருந்து அறியும்போது அவ்வீட்டின் வட்டத்துக்குள் ஓரடி எடுத்து வைக்கிறான். ஒரு சொல்லை அறிவதே ஒரு வீட்டுக்குள் நுழைவதாகிறது.

இத்தகைய கதையில் மாமியாரோ நாத்தனாரோ மருமகளின் முன்னிலையில் 'நம்ம மனெ' என்று சொல்லும் சூழலை எண்ணிப் பார்க்க வேண்டும். 'நம் வீடு' என்று தமிழில் எழுதினால் மருமகள் உள்ளே இருக்கிறாள். 'எங்கள் வீடு' என்று எழுதினால் அவள் வெளியே நிற்கிறாள். கதை முழுவதும் எந்த வினாவை விடை கூறாமல் நீட்டிச் செல்கிறதோ, அதற்குத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் முதல் பக்கங்களிலேயே விடை கூற நேர்கிறது. ஆங்கிலத்தில் பெயர்ப்பவருக்கு இத்தொல்லை இல்லை. ஆங்கிலமும் கன்னடத்தைப் போலவே தன்மைப் பன்மையில் ஒன்றையே உடையது. குடும்பமொழி என்ற முறையில் கன்னடத்துக்கு நெருங்கிய தமிழ், இவ்வொரு புள்ளியில் ஆங்கிலத்தைக் காட்டிலும் தொலைவில் நிற்பது கருதத்தக்கது. ஆகவே இவ்விடங்களில் மொழிபெயர்ப்பாளர் செய்வது சொல் தேர்வு அன்று; பொருள் விளக்கம், ஏன், தீர்ப்பு என்றே கூறலாம். மருமகள் எப்போது 'நாங்கள்' என்பதிலிருந்து 'நாம்' என்பதற்கு மாற்றப்படுகிறாள், பின்னர் எப்போது மீண்டும் தள்ளப்படுகிறாள் என்பதைத் தமிழ் வடிவம் ஒரு திட்டத்தோடு காட்ட இயலும். அவ்வாறு காட்டும் ஒரு மொழிபெயர்ப்பு மூலம் சொல்லாமல் விட்டதைச் சொல்லிவிட்டது என்று குறைகூறுவோர் இருக்கலாம். காட்டாமல் மனம்போன போக்கில் இரண்டையும் கலந்து எழுதுவதே உண்மையான குறை என்பது இக்கட்டுரையாளர் கருத்து.

அகராதி காட்டும் வழி

பரோவும் எமனோவும் தொகுத்த திராவிடச் சொற்பிறப்பியல் அகராதி 1961-இல் வெளிவந்து 1984-இல் திருத்தம் பெற்றது. கிட்டெலின் கன்னட–ஆங்கில அகராதி 1894-ஆம் ஆண்டினது. தமிழ்ப் பேரகராதியின் தொகுதிகள் 1924 முதல் 1936 வரை வெளிவந்தன. இவற்றின் பெருமை ஐயத்துக்கு இடமற்றது. ஆயினும் இவை ஒரு சொல் எதனோடு உறவுடையது, என்ன பொருள் தரும் என்பவற்றைக் கூறுமேயன்றி, அச்சொல்லை யார் யாரிடம் எப்போது கூறலாம் என்பதைக் கூறுவதில்லை. அன்றாட வழக்குகளில் பின்னதே முதன்மையானது.

பெங்களூர் இளைஞர் இருவர் சந்திக்கும்போது ஒருவர் மற்றவரை 'ஏன் மகா?' என்பார். 'மக' என்பது தமிழ் 'மகன்' என்பதன் உறவுச்சொல்லே. ஆனால் ஒத்த வயதினரிடையே தமிழில் 'என்ன மகனே' என்று சொல்லிப் பார்த்தால் விளைவு தெரியும். தமிழில் அது மிரட்டல். அடுத்த சொல் கைகலப்பாக இருக்கலாம். கன்னட 'மகா' தோழமை விளி. அதற்கு நிகரானது 'மச்சான்' அல்லது 'மாப்பிள்ளை'. இங்கே சுவையான ஒன்று உண்டு. தமிழின் 'மச்சான்' பெங்களூரில் 'மச்சா' எனக் குறுகி, தமிழறியாத கன்னட, தெலுங்கு, உருது இளைஞரிடையேயும், அவர்கள் பேசும் ஆங்கிலத்திலும் விளியாக வழங்குகிறது. தமிழன் தன் மைத்துன உறவைக் கொடுத்தான். கன்னடர் தம் மகன் உறவைக் கொடுத்தனர். இரண்டும் உறவுப்பொருளை உதறிவிட்டு நட்பை மட்டும் வைத்துக்கொண்டன. ஆகவே பெங்களூர்க் கதை ஒன்றில் 'மகா' என்று வருமிடத்தில் 'மச்சா' என்று எழுதினால் பொருளும் இடமும் ஒருங்கே அமைகின்றன. 'மகனே' என்று எழுதினால் சொல்லிலக்கணம் அமையும், கதை கெடும்.

உறவுப்பெயர்களில் இத்தகைய பொறிகள் பல. கன்னட 'மைதுன' பெரும்பாலும் கணவனின் தம்பியைக் குறிக்க வழங்குகிறது. தமிழில் அவர் கொழுந்தன். தமிழ் வாசகர் 'மைத்துனன்' என்று கண்டால் மனைவியின் உடன்பிறந்தானையே நினைப்பார். ஒரு குடும்பக் கதையில் இவ்வொரு பிழை பாகப்பிரிவினையையே தலைகீழாக்கிவிடும். வட கர்நாடகத்தில் 'அவ்வ' என்பது தாய். தமிழகத்தில் தெலுங்கு பேசும் வீடுகளின் வாயிலாகப் பரவிய 'அவ்வா' பாட்டி. ஒலியொப்புமையை நம்பியவர் தாயைப் பாட்டியாக்குவார். 'சிக்கப்ப' – 'சித்தப்பா', 'தொட்டப்ப' – 'பெரியப்பா' என்பன சிக்கலின்றிப் பொருந்துவன. பொருந்துவனவற்றின் மிகுதியே பொருந்தாதனவற்றை மறைக்கிறது.

உணவு பற்றிய வினைகளிலும் இதனைக் காணலாம். கன்னடத்தில் 'ஊட்டா' என்பது முழு உணவு, 'திண்டி' சிற்றுண்டி. மரியாதைக்குரிய விருந்தினரிடமும் 'திண்டி ஆய்த்தா?' என்று வினவுவர். 'தின்னு' என்னும் வினைக்கும் இழிவு இல்லை. பழந்தமிழில் 'தின்' என்பதற்கு இழிவுப் பொருள் இருந்ததில்லை. இன்றும் சில வட்டார வழக்குகளில் இல்லை. பொதுத்தமிழில் மட்டும் அது விலங்குக்கும் வெகுளிக்கும் உரியதாயிற்று. 'தோசை தின்றீர்களா?' என்று எழுதும் மொழிபெயர்ப்பாளர் கன்னடரை முரடராக்குகிறார். வெகுளியோடு 'தின்னு' என்று கூறும் கன்னடப் பாத்திரம் வருமிடத்திலோ, அவ்வெகுளியைச் சொல்லிலன்றி ஈற்றிலும் தொனியிலுமே தேட வேண்டும்.

இறப்பைக் குறிக்கும் வழக்குகள் இன்னும் நுட்பமானவை. 'தீரிகொண்டரு' என்பது கன்னடத்தில் மரியாதையான மங்கல வழக்கு. தமிழில் 'தீர்ந்துபோதல்' சரக்குக்கு உரியது. 'தீர்த்துக்கட்டுதல்' கொலைக்கு உரியது. நன்னூல் உரைகாரர் தகுதி வழக்கில் மங்கலத்துக்குச் சுடுகாட்டை நன்காடு என்பது போன்ற சான்றுகளைத் தந்தனர். ஒவ்வொரு மொழியும் தன் மங்கலத்தைத் தானே ஆக்கிக்கொள்கிறது என்பதை இவ்வகைச் சொற்கள் உணர்த்தும். 'தீரிகொண்டரு' என்பதற்குக் 'காலமானார்', 'தவறிவிட்டார்' என்பன பொருந்தும். ஆனால் வீரசைவர் ஒருவரின் இறப்பை 'லிங்கைக்யராதரு' என்று கூறுமிடத்தில் 'இயற்கை எய்தினார்' என்று எழுதலாமா? அத்தொடர் தமிழகத்தில் பகுத்தறிவு இயக்கத்தாரின் வழக்கோடு நெருங்கிப் பழகியது. அவ்வாறு எழுதினால், வாழ்நாளெல்லாம் இலிங்கம் தரித்தவர் இறந்த பிறகு நாத்திகராகிறார். நல்ல தமிழ் என்ற எண்ணத்தில் செய்யப்படும் இவ்வகை மாற்றங்கள் உண்மையில் மதமாற்றங்கள்.

வரவும் செலவும்

மாலினோவ்ஸ்கி 1923-இல் வெளியிட்ட ஒரு கட்டுரையில், செய்தி எதனையும் உணர்த்தாமல் மனிதரிடையே உறவைப் பேணுவதற்காக மட்டும் நிகழும் பேச்சைத் தனியே பிரித்துக் காட்டினார். 'ஊட்டா ஆய்த்தா?' என்பதும் 'சாப்பிட்டாச்சா?' என்பதும் அவ்வகையின. கேட்பவர் உணவு தரப்போவதில்லை. விடையையும் அவர் கூர்ந்து கேட்பதில்லை. விடைபெறுதலில் இரு மொழிகளும் ஓரச்சில் வார்த்தவை போன்றன. தமிழர் 'வரட்டுமா?' என்பார், கன்னடர் 'பர்லா?' என்பார். தமிழில் 'போய்விட்டு வருகிறேன்'. கன்னடத்தில் 'ஹோகி பர்த்தீனி'. போவதைக் கூறாது வருவதைக் கூறும் நம்பிக்கை இரு வீட்டு வாயில்களிலும் ஒன்றே.

இங்குத்தான் இடைமொழியின் தீங்கு வெளிப்படுகிறது. கன்னட நூலை ஆங்கிலத்தின் வழியே தமிழாக்குவோர் உளர். ஆங்கிலத்தில் இவ்வழக்கு 'நான் புறப்படுகிறேன்' என்னும் அளவில் நிற்கும். அதிலிருந்து தமிழுக்கு வரும்போது, வயது முதிர்ந்த கன்னடப் பெண் ஒருத்தி மகளின் வீட்டு வாயிலில் நின்று 'நான் போகிறேன்' என்று கூறுகிறாள். தமிழ்நாட்டிலும் கர்நாடகத்திலும் எந்தத் தாயும் அவ்வாறு கூறமாட்டாள். கூறினால் மகள் பதறுவாள். இரு புறமும் ஒன்றாக இருந்த வழக்கு, நடுவில் ஒரு மொழி புகுந்ததால் இரு புறமும் இல்லாத ஒன்றாகிவிட்டது. முன்னிலைப் பெயர்களின் நிலையும் அதுவே. கன்னடத்தின் 'நீனு', 'நீவு', 'தாவு' என்னும் மூன்றும் ஆங்கிலத்தில் ஒன்றாகி, தமிழில் மொழிபெயர்ப்பாளரின் ஊகத்தால் மீண்டும் 'நீ', 'நீங்கள்', 'தாங்கள்' எனப் பிரிகின்றன. ஊகம் பல இடங்களில் சரியாகவும் அமையலாம். ஆனால் கதையின் திருப்பமே ஒருவர் 'நீவு' என்பதிலிருந்து 'நீனு' என்பதற்கு இறங்கும் இடமாக இருந்தால், அவ்விடம் தமிழில் எஞ்சுவதற்கு வழியில்லை. நேரடி மொழிபெயர்ப்பாளர் கிடைக்கும்போது இடைமொழியை நாடுவதற்கு இன்று எவ்வகை நியாயமும் இல்லை. பைரப்பாவின் 'பர்வ' நாவலைப் 'பருவம்' எனத் தந்த பாவண்ணன் போன்றோர் அவ்வழியை நெடுங்காலமாகவே அமைத்துத் தந்துள்ளனர்.

நன்றி கூறுதல், வேண்டிக் கேட்டல் ஆகியவற்றை விரைவாகவே கடந்துவிடலாம். 'தன்யவாத', 'தயவிட்டு' என்பன கன்னடத்திலும், 'நன்றி', 'தயவுசெய்து' என்பன தமிழிலும் மேடைக்கும் அறிவிப்புப் பலகைக்கும் உரியன. வீட்டில் இவற்றைக் கூறினால் கேட்பவர் மனம் நோவார். வேண்டுகோளை மென்மையாக்க இரு மொழியினரும் அளவைக் குறைத்துக் கேட்கின்றனர்: 'ஸ்வல்ப', 'கொஞ்சம்'. பெங்களூரின் அடையாளமாகவே ஆகிவிட்ட 'ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி' என்னும் தொடர், இருவர் அமரும் இருக்கையில் மூன்றாமவர் அமர்வதற்கான வேண்டுகோள். அதிலுள்ள 'மாடி' மரியாதை ஏவல். ஈற்று இகரமே அம்மரியாதையைத் தருகிறது. 'ங்க' என்னும் ஈற்றில் மரியாதையைக் கேட்டுப் பழகிய தமிழ்க் காதுக்கு அவ்விகரம் எட்டுவதில்லை. சிலருக்கு அதில் 'டி' என்னும் ஒலியே கேட்டு நகை விளைவிப்பதும் உண்டு. 'கொஞ்சம் தள்ளிக்கொள்' என்று இதனைப் பெயர்த்தால் நகரத்தின் பெருந்தன்மை ஒரு வசவாக மாறும். 'கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க' என்பதே நிகர். ஆங்கிலச் சொல்லை இரு மொழிகளும் கடனாகப் பெற்றிருப்பதால் அதனை நீக்கித் தூய்மைப்படுத்துவது இங்குப் பிழையாகும்.

உயர்வும் நெருக்கமும்

பிரௌனும் கில்மனும் 1960-இல் ஐரோப்பிய மொழிகளின் முன்னிலைப் பெயர்களை ஆராய்ந்து, அதிகாரம், ஒருமைப்பாடு என்னும் இரு விசைகளால் அவற்றை விளக்கினர். நம் மொழிகளுக்கு அவ்விளக்கம் போதாது. ஏனெனில் நம்மிடையே மரியாதை முன்னிலையோடு நிற்பதில்லை, படர்க்கைக்கும் செல்கிறது. ஒருவரைப் பன்மையால் கூறுவதை வழக்கில் அமைந்த உயர்சொல் எனவும், இலக்கண நெறி அன்று எனவும் தொல்காப்பியர் கிளவியாக்கத்தில் குறித்தார். வழக்கு அன்று தொடங்கி இலக்கணத்தை வென்றுகொண்டே வந்துள்ளது.

கன்னடப் படர்க்கையில் 'அவளு', 'அவரு' என்பவற்றுக்கு இடையே 'ஆகெ' என்றொரு சொல் உண்டு. எழுத்துக் கன்னடத்தில் அது அவளைவிட உயர்ந்தது, அவரினும் தாழ்ந்தது. வினைமுற்றோ பெண்பால் ஒருமையே. ஆணுக்கு 'ஆத' என்பது இதன் இணை. கதைசொல்லி ஒரு பெண்ணை மதிப்போடும், ஆனால் விலகி நின்று வணங்காமலும் நோக்குவதற்கு இச்சொல் இடந்தருகிறது. தமிழில் அவ்விடம் வெறுமையாக உள்ளது. 'அவள்' என்றால் நெருக்கம் அல்லது ஏளனம். 'அவர்' என்றால் உயர்வு, சில வேளைகளில் பால்மயக்கமும். பேச்சுத்தமிழின் 'அவங்க' எடுத்துரைப்பு நடைக்கு இன்னும் முழுமையாக ஏறவில்லை. இதனோடு வட்டார வேறுபாடும் சேர்கிறது: தார்வாட் பகுதியின் 'ஆகி' அங்கு இயல்பான 'அவள்' மட்டுமே, அதனை 'ஆகெ' என்று மயங்கி 'அவர்' என ஆக்கினால் வேலைக்காரியும் பெருமாட்டியாவாள். 'ஆகெ' வருமிடங்களில் பெண்ணின் பெயரையோ உறவுமுறையையோ மீண்டும் கூறி, 'அவள்' என்பதைத் தவிர்த்துச் செல்வது ஒரு வழி. நடை சற்றுத் தளரும். ஆயினும் நோக்கு காக்கப்படும்.

விளிகளில் நிலைமை எளிதன்று. மனைவி கணவனை 'ரீ' என்று அழைப்பதும், தமிழில் 'என்னங்க' என்று அழைப்பதும் ஒன்றற்கொன்று கண்ணாடி. இரண்டும் பெயரைக் கூறாமல் மரியாதை ஈற்றையே விளியாக்கியவை. ஆனால் 'பாரோ', 'பாரே' என்பவற்றின் 'ஓ', 'ஏ' ஈறுகளை 'டா', 'டி' என மாற்றுவது எப்போதும் பொருந்தாது. புரந்தரதாசர் முதலிய ஹரிதாசர் இறைவனை அவ்வோகார ஈற்றால் அழைத்தனர். அதில் உரிமை உண்டு, இழிவில்லை. தமிழில் 'டா' என்பதற்கும் உரிமைப்பொருள் உண்டு. அதனோடு சாதியும் வேலையிடமும் ஏற்றிவைத்த கசப்பும் உண்டு. பண்ணையாளனை நோக்கிய 'டா' நம் நினைவில் இருக்கும்வரை, பாசத்தோடு பேசும் கன்னடத் தந்தையின் 'பாரோ' என்பதற்கு 'வாடா' என்பதோடு வேறு சொல்லோ குறிப்போ துணை நிற்க வேண்டும். 'வாடா கண்ணா' என்னுமளவில் அது அமையலாம்.

சாதிக் கிளைமொழியும் இதனோடு தொடர்புடையதே. வில்லியம் பிரைட் 1960-இல் கன்னடத்திலும், அவரும் ஏ. கே. ராமானுஜனும் இணைந்து 1964-இல் தமிழிலும், பிராமணர் வழக்குக்கும் பிறர் வழக்குக்கும் உள்ள வேறுபாடுகளை ஆராய்ந்தனர். மைசூரில் தமிழ்க் குடும்பத்தில் 1929-இல் பிறந்த ராமானுஜனே 1976-இல் அனந்தமூர்த்தியின் 'சம்ஸ்கார' நாவலை (1965) ஆங்கிலத்தில் தந்தவர். ஆங்கிலத்தில் சாதிக் கிளைமொழி இல்லாதது அவருக்கு ஒரு வகையில் விடுதலை. தமிழில் அந்த விடுதலை இல்லை. துர்வாசபுரத்து மாத்வர்கள் 'ஆத்துக்கு வாங்கோ' என்று பேசினால் அவர்கள் தஞ்சாவூருக்குக் குடிபெயர்ந்துவிடுகின்றனர். பொதுத்தமிழில் பேசினால் அக்கிரகாரம் கரைந்துவிடுகிறது. தலைப்புச் சொல்லும் அப்படியே: கன்னடத்தில் 'சம்ஸ்கார' என்பது பண்பட்ட ஒழுக்கத்தையும் சடங்கையும் ஒருங்கே குறிப்பது, தமிழ்ப் பேச்சில் 'சம்ஸ்காரம்' என்றவுடன் நினைவுக்கு வருவது பிணம். மாஸ்தி, பு.தி.ந., கைலாசம் எனத் தமிழ் பேசும் வீடுகளிலிருந்து வந்து கன்னட இலக்கியத்தை வளர்த்தோர் பலர். வீட்டு மொழியையும் எழுத்து மொழியையும் நாள்தோறும் கடந்து சென்ற அவர்களுடைய பட்டறிவு இவ்வகை மொழிபெயர்ப்புக்கு உதவத்தக்கது. அதனை எவரும் தொகுத்து ஆராயாதது ஒரு குறையே.

எள்ளும் வெல்லமும்

சங்கராந்தியன்று கன்னட வீடுகளில் எள், வெல்லம், கொப்பரை, நிலக்கடலை, பொட்டுக்கடலை ஆகியவற்றைக் கலந்து, புத்தாடை உடுத்த சிறுமியர் வீடுவீடாகச் சென்று தருவர். எள்ளும் வெல்லமும் உண்டு நல்லதைப் பேசுக என்னும் பொருள்பட ஒரு வழக்குத்தொடரும் உண்டு. பிணங்கியிருந்த இரு வீட்டார் இதனைக் காரணமாக்கி மீண்டும் பேசத் தொடங்குவது உண்டு. ஒரு கதையில் இச்செயல் இடம்பெற்றால் மொழிபெயர்ப்பாளர் 'எள்ளும் வெல்லமும் கொடுத்தாள்' என்று எழுதுவார். ஒரு சொல்லும் பிழையில்லை. ஆனால் தமிழ் வாசகரின் நினைவில் எள் நிற்பது எள்ளும் நீரும் இறைக்கும் இடத்தில். அதனைக் கைமாற்றாகப் பெறவும் தயங்கும் வீடுகள் தமிழ்நாட்டில் உள்ளன. நல்லுறவுக்கான கொடை தமிழில் தீய நிமித்தமாக ஒலிக்கிறது. நைடா 1964-இல் வகுத்த பயன்வழி நிகரன்களை நாடுவோர் இங்குக் 'கரும்பும் பொங்கலும்' என்று மாற்ற எண்ணலாம். அது தவறு, கரும்புக்கு அந்தச் சமாதானத் தூது இல்லை. அடிக்குறிப்பு ஒன்று இடலாம். ஆனால் அது வாசகரை வாயிலில் நிறுத்திப் பாடம் நடத்தும். பெற்றுக்கொள்ளும் பாத்திரத்தின் முகமலர்ச்சியையோ, வழக்குத்தொடரின் பொருளையோ அரை வரியில் உரையாடலுக்குள் நுழைத்துவிடுவது மேல். இவ்வாறு அரை வரி கூட்டும் உரிமையை நம் மதிப்புரையாளர் மொழிபெயர்ப்பாளருக்குத் தருவதில்லை. கூட்டினால் 'மூலத்தில் இல்லை' என்பர். மூலத்து வாசகரின் மனத்தில் இருந்ததையும் மூலத்தின் பகுதியாகக் கொள்ளலாமா என்பது விவாதிக்கத்தக்கது. கொள்ளலாம் என்பதே இக்கட்டுரையாளர் துணிபு.

எதிர்த்திசையைக் குறித்தும் ஒரு சொல் கூற வேண்டும். தமிழ்ப் புனைகதைகள் கன்னடத்துக்குச் செல்லும்போது இழப்பு வேறு வகையானது. ஊர்க்கூட்டமொன்றில் மேல்தெருவார் 'நம்ம கோயில்' என்று சொல்லிவிட்டு, கீழ்த்தெருவார் வாயெடுத்ததும் 'எங்க கோயில்' என்று திருத்திக்கொள்வதாக ஓர் உரையாடலைத் தமிழ் எழுத்தாளர் அமைக்கலாம். தமிழில் அத்திருத்தம் ஒரு கதவு அறைந்து சாத்தப்படும் ஒலி. கன்னடத்தில் இரு முறையும் 'நம்ம தேவஸ்தான' என்றே வரும். 'நாவெல்லரூ' என முதலாவதற்கு 'எல்லாரும்' என்பதைச் சேர்க்கலாம். அல்லது இரண்டாவதில் 'நம்ம கேரியவர' எனத் தெருவைப் பெயர் சுட்டிக் கூறலாம். பெங்களூரில் இரு மொழியும் பேசி வளர்ந்த தமிழர் இவ்விரண்டாவது முறையையே பேச்சில் இயல்பாகக் கையாள்வதை இக்கட்டுரையாளர் பலமுறை கேட்டதுண்டு: கன்னடம் பேசும்போதும், கேட்பவரை விலக்கிச் சொல்ல நேர்ந்தால் 'நம்ம' என்பதற்கு முன் ஒரு கணம் தயங்கி, 'நம்ம மனெயவரு' என்று வீட்டாரைச் சேர்த்தே சொல்கின்றனர்.